சிவப்புத் துணி கட்டிய தொட்டி

வெயில் ஏறுவதற்குள் யூரியாவைக் கரைத்துவிட வேண்டும் என்று வெள்ளரிக்காரர் அவசரப்பட்டார். மூட்டை ஈரத்தரையில் கிடந்ததால் உள்ளே கல் கல்லாகக் கட்டியிருந்தது. அவர் மனைவி வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையில் இருந்த மரக்கட்டையால் அந்தக் கட்டிகளைத் தட்டித் தட்டி உடைத்தாள். கடைவாய்ப் பல் அவளை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. இன்னும் சற்று நேரத்தில் பஸ் பிடித்துப் பல் டாக்டரிடம் போக வேண்டும்.

தோட்டத்தின் ஓரத்தில், மந்தை போகும் பாதையை ஒட்டி, அந்தச் சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு சின்ன மோட்டார் தண்ணீரை இழுத்துச் சொட்டுநீர்க் குழாய்களில் தள்ளும். தண்ணீரில் உரத்தைக் கரைத்துவிட்டால் அதுவும் சேர்ந்து ஒவ்வொரு செடியின் வேருக்கும் போய்விடும். பயிருக்கு அது சோறு. ஆடு மாடு குடித்தால் அது விஷம். கரைந்த பிறகு தண்ணீரைப் பார்த்து ஒருவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

"இன்னைக்கு நிஜமாவே கலக்கறோம்," என்றாள் மனைவி, வாயின் ஒரு பக்கத்தால். "அந்த மந்தைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதான் துணி தொங்குதுல்ல?"

"துணி மூணு மாசமா தொங்குது."

"அப்புறம் என்ன? இன்னைக்கும் தொங்கட்டும்."

"நானும் அதைத்தாங்க சொல்றேன்," என்றாள் அவள். மேற்கொண்டு பேசப் பல் விடவில்லை. கைகழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அந்தத் துணியின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தோட்டங்கள் எல்லாம் பாதைக்கு ஒரு பக்கம், மேய்ச்சல் மேடு மறுபக்கம். பாதை நேராகக் குளத்துக்கு இறங்குகிறது. முன்பு அறுவடை முடிந்ததும் மந்தைகள் தோட்டத்தில் இறங்கித் தாளை மேயும், அங்கேயே படுக்கும். விடிந்தால் எரு தோட்டக்காரருக்கு. சண்டை அப்போதும் உண்டு. ஆனால் மறுநாள் பேசிக்கொள்வார்கள். பிறகு சொட்டுநீர்க் குழாய் வந்தது. வருடம் முழுக்கப் பயிர் என்று ஆனது. மேய்வதற்குத் தாள் மிஞ்சவில்லை. குளம் பாதியாக வற்றியதும் விவசாயிகள் சங்கம் அதற்குக் கம்பிவேலி போட்டு, கதவு வைத்து, பூட்டும் போட்டது. தாகத்தில் தவித்த ஆடுகள் சொட்டுநீர்க் குழாயைக் கடித்து உறிஞ்சின. குழாய் போன ஆத்திரத்தில் ஒரு தோட்டக்காரர் கல்லை வீசினார். மேய்ப்பர் ஒருவர் கம்பை வீசினார். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கை முறிந்தது.

அப்போது சங்கத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். அவருக்கு ஊரில் 'மைக்' என்று பெயர். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் திருப்பித் தரமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. "மருந்து அடிச்ச இடம்னு காட்ட ஒரு சிவப்புத் துணியைக் கட்டிடுங்கப்பா, எல்லாத் தோட்டத்திலயும், எல்லாத் தொட்டியிலயும்," என்றார். "நிஜமா அடிச்சா என்ன, அடிக்கலைன்னா என்ன? பயப்படறவன் ரசீதா கேக்கப்போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கட்டினார்கள். வெள்ளரிக்காரரும் தன் மனைவியின் பழைய பாவாடையைக் கிழித்துக் கட்டினார்.

முதலில் அது வேலை செய்தது. மந்தைகள் விலகிப் போயின. ஆனால் ஒருநாள் மந்தைக்காரரின் மனைவி பாதையில் நின்றபடி ஒரு காட்சியைக் கண்டாள். சிவப்புத் துணி தொங்கும் அதே தொட்டியில் வெள்ளரிக்காரரின் பசு வாய் வைத்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்து, மூக்கை நக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்ப் படுத்தது. அன்று மாலை மேட்டில் அதுதான் பேச்சு. "அவங்க மாடு மருந்துக்குப் பழகின மாடு போலிருக்கு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் எந்தச் சிவப்புத் துணிக்கும் அர்த்தம் இல்லாமல் போயிற்று. இது தோட்டக்காரர்களுக்குத் தெரியாது.

அன்று கூட்டுறவுக் கிடங்கில் கூட்டம். வட்டார அதிகாரி நேரில் வருவதால் எல்லோரும் வர வேண்டும், வராதவருக்குக் குளத்திலிருந்து முறை வைத்து விடும் தண்ணீர் கிடையாது என்று மைக் சொல்லிவிட்டார். வெள்ளரிக்காரர் யூரியாவைக் கொட்டிக் கலக்கி மோட்டாரைப் போட்டார். அது கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு ஒரு முனகலோடு நின்றது. மின்சாரம் போய்விட்டது.

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். முக்கால் தொட்டி அப்படியே நின்றது. தெளிந்து, அடித்தரை தெரிய, குளிர்ச்சியாக.

பக்கத்துத் தக்காளிக்காரர் பைக்கில் வந்து ஹாரன் அடித்தார். "என்ன மாமா, தொட்டிக்குள்ள மூஞ்சி பார்த்துட்டு நிக்கறீங்க? பொண்ணு பார்க்கவா போறோம்? ஏறுங்க!"

"கரண்டு போயிடுச்சு மாப்ள. உரம் கலந்து வச்சிருக்கேன்."

"கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடுற மாதிரிதானே வச்சிருக்கீங்க? ஏறுங்க, லேட்டாப் போனா மைக் நம்ம தண்ணியை மூடிடுவாரு."

வெள்ளரிக்காரர் ஏறினார். பைக் திரும்பும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டார். துணி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கிடங்கில் மூட்டைகளை ஒரு சுவர் ஓரமாக அடுக்கி, எடைத் தராசை மூலைக்குத் தள்ளி, நாற்காலி போட்டிருந்தார்கள். தோட்டக்காரர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். மேய்ப்பர்கள் வாசல் பக்கம் நின்றார்கள். உட்காரச் சொன்னால் உட்காரலாம் என்று நின்றார்கள், யாரும் சொல்லவில்லை. மேலே மின்விசிறி அசையாமல் இருந்தது. வெள்ளரிக்காரர் உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தார். விசிறி நிற்கிறது என்றால் தொட்டி நிறைந்திருக்கிறது. விசிறி சுற்றினால் தொட்டி காலியாகத் தொடங்கும். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவரால் பாதிகூடச் சொல்லியிருக்க முடியாது.

மின்சாரம் இல்லாததால் மைக்குக்கு அன்று மைக் இல்லை. அதற்குச் சேர்த்து வைத்துத் தொண்டையால் கத்தினார். "மேடம், எங்க தோட்டம் பூராவும் மருந்து அடிச்சிருக்கு. துணி கட்டி எச்சரிக்கை பண்ணியிருக்கோம். அதையும் மீறி இவங்க மந்தையை ஓட்டிட்டு வர்றாங்க. நாளைக்கு ஒரு ஆடு செத்தா யாரு பொறுப்பு? அதனால அந்தப் பாதையையே மூடிடுங்க. ஆடுங்களோட பாதுகாப்புக்காகத்தான் கேக்கறோம்."

அதிகாரி இளவயதுப் பெண். கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாத் தோட்டத்திலயும் மருந்து இருக்கறது உண்மைதானா?"

"நூத்துக்கு நூறு உண்மை மேடம். கேளுங்க, யாரை வேணா கேளுங்க."

நாற்காலிகள் எல்லாம் தலையாட்டின. வெள்ளரிக்காரரின் தலையும் ஆடியது.

அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மந்தைக்காரர் முன்னால் வந்தார். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் தலையைச் சொறியும் பழக்கம். "பாதையை மூடினா நாங்க ஆட்டைத் தலையில தூக்கிட்டுத்தான் போகணும் மேடம். நேத்துக் காலையிலேருந்து அதுங்க தண்ணி குடிக்கலை. குளத்துக்குப் பூட்டு."

"இப்போ மந்தை எங்கே இருக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்தார்கள்.

"குடிக்கத்தான் போயிருக்கு மேடம். என் சம்சாரம் ஓட்டிட்டுப் போயிருக்கா. தோட்டத்துல ஒரு குஞ்சு இல்லை, எல்லாரும் இங்க உக்காந்திருக்காங்க. இதைவிட்டா எப்போ போறது?"

"எந்தத் தண்ணிக்கு?"

"வெள்ளரித் தோட்டத்துத் தொட்டிக்கு. அந்த அண்ணன் மாடே குடிக்குது, எங்க ஆடு குடிச்சா என்னவாம்?"

வாசல் பக்கம் சிரிப்பு வெடித்தது. வெள்ளரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியாது. விசிறியைப் பார்த்தார். அது நின்ற இடத்திலேயே நின்றது.

"நிறுத்தச் சொல்லுப்பா!" என்றார். குரல் கீச்சிட்டது. "அதுல உரம் கலந்திருக்கு! யூரியா! ஆடு குடிச்சா அரை மணி நேரம் தாங்காது!"

"அய்யோ, பயமா இருக்கே!" என்றது வாசலில் ஒரு குரல். "துணி கட்டியிருக்கீங்களா அண்ணே?" என்றது இன்னொன்று.

"நிஜமாப்பா! இன்னைக்கு நிஜமா!"

மந்தைக்காரர் சிரிக்கவில்லை. வெள்ளரிக்காரரின் முகத்தையே உற்றுப் பார்த்தார். நெற்றியில் வியர்வை ஊற்றியது. நடிப்பதற்கு இவ்வளவு வராது என்று அவருக்குத் தோன்றியது. போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

அவர் மனைவியை மேட்டில் 'விசில்' என்று கூப்பிடுவார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஊதினால் மந்தை மொத்தமும் திரும்பும், பேசிக்கொண்டிருக்கும் ஆண்களும் திரும்புவார்கள்.

"ஆட்டைத் திருப்பு," என்றார் மந்தைக்காரர். "அந்தத் தொட்டிக்கு விடாதே. உரம் கலந்திருக்காம்."

போனுக்குள் மணிச் சத்தமும் ஆடுகளின் கத்தலும் கேட்டன. "ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றாள் விசில். "உன் பக்கத்துல எத்தனை பேரு நிக்கறாங்க?"

"இல்லடி, இது வேற. நிஜமாத்தான் சொல்றேன்."

"போன தடவையும் நிஜமாத்தான் சொன்னே. நான் போன்ல என்ன சொன்னாலும் கேக்காதேன்னு சொல்லிட்டுப் போனது நீதானே? இப்ப நான் உன் காலைப் பேச்சைக் கேக்கறதா, இந்தப் பேச்சைக் கேக்கறதா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. போன கூட்டத்தின்போது தோட்டக்காரர்கள் மந்தைக்காரரைச் சுற்றி நின்று, மிரட்டி, மனைவிக்குப் போன் போட வைத்தார்கள். அவள் அதை நம்பி ஒரு தொட்டிக்கரையிலிருந்து மந்தையைத் திருப்பினாள். அன்று சாயங்காலம் தாகத்தில் குட்டிகள் மூன்று சுருண்டு விழுந்தன. இனிமேல் கூட்டத்திலிருந்து வரும் எந்தப் போனையும் நம்பக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

வெள்ளரிக்காரர் பாய்ந்து வந்து போனை வாங்கினார். "தங்கச்சி, நான் வெள்ளரித் தோட்டக்காரன் பேசறேன்—"

"இத்தனை நாளா இல்லாத தங்கச்சி இன்னைக்கு எங்கிருந்து முளைச்சா?"

"எவ்வளவு தூரத்துல இருக்கே?"

"வந்தாச்சு. துணி தெரியுது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணே, இதுல என்ன உரம்? உங்க பசு குடிச்சுதே, அதுக்கு எந்தக் கடை மருந்து?"

"அது அப்போம்மா. அப்போ ஒண்ணும் கலக்கலை. இன்னைக்குக் கலந்திருக்கேன்."

"அப்போ கட்டின துணி பொய்யா?"

வெள்ளரிக்காரர் தலையைத் திருப்பினார். பக்கத்தில் அதிகாரி பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மைக் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. பொய்யா, நிஜமா? பொய்யின்னா ஸ்பீக்கர்ல போட்டு, உங்க தலைவருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க. அப்போ நம்பறேன். அதுக்குள்ள நானே ஒரு வாய் குடிச்சுப் பார்க்கறேன். எனக்கும்தான் தொண்டை காயுது."

"குடிச்சிடாதே!"

மைக் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். பிடி அன்பாகத் தெரிந்தது, விரல்கள் எலும்பில் இறங்கின. காதோடு சொன்னார்: "பேசாம உக்காருய்யா. நாலு ஆடு செத்தா செத்துட்டுப் போகுது. துணி கட்டியிருக்கோம், சட்டம் நம்ம பக்கம். அந்தம்மா கையெழுத்துப் போடப் போற நேரம். வாயைத் திறந்தே, இந்த வருஷம் உனக்கு முறைத் தண்ணியே கிடையாது."

வெள்ளரி பூத்திருந்தது. இந்த வாரம் தண்ணீர் நின்றால் பூவெல்லாம் கருகி உதிரும். அது அவருக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியது. ஆடுகள் செத்தால் துணியைக் கண்டு மறுபடியும் பயம் வந்துவிடும். ஒருத்தனும் பக்கத்தில் வரமாட்டான். பிறகு தோட்டம் நிம்மதியாக இருக்கும். இப்படி ஒரு நினைப்பு தனக்குள்ளே இருந்து வந்ததைக் கண்டு அவர் மைக்கின் கையைத் தோளிலிருந்து தள்ளினார். காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மனைவி சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், இப்போது இத்தனை பேர் நடுவில் நிற்க வேண்டியிருக்காது.

அவர் ஸ்பீக்கரைப் போட்டார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மேடம், நீங்களும் கேளுங்க. மூணு மாசமா என் தொட்டியில தொங்கின துணி பொய். ஒரு சொட்டு மருந்து கிடையாது. என் தோட்டத்துல மட்டும் இல்லை, பாதி பேரு தோட்டத்துல கிடையாது. மந்தை வராம இருக்கறதுக்காக நாங்களா பேசி வச்சுக் கட்டினோம். சொல்லிக் குடுத்தது தலைவரு. செஞ்சது நான். இப்பக்கூட உங்க முன்னாடி தலையாட்டினேன், அதுவும் பொய். இன்னைக்கு ஒருநாள்தான் அது நிஜம். இன்னைக்குத்தான் உரம் கலந்தேன்."

நாற்காலிகள் சலசலத்தன. பிறகு மைக் கத்தினார். அவர் வாழ்க்கையில் ஒலிபெருக்கி இல்லாமல் அப்படிக் கத்தியதே இல்லை. "துரோகி! சங்கத்தை விலைபேசிட்டியே! உன் வாய் அழுகிப் போக!"

அந்தச் சத்தம் போன் வழியாகத் தொட்டிக்கரை வரை போயிற்று. அதைக் கேட்டதும்தான் விசில் நம்பினாள். வெள்ளரிக்காரர் சொன்னதில் வராத நம்பிக்கை, தலைவர் வைததில் வந்தது. நடிக்கிறவர்கள் அப்படிக் கத்தமாட்டார்கள்.

போனுக்குள்ளிருந்து விசில் சத்தம் காதைக் கிழித்தது. ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது முறை அது பாதியில் உடைந்தது.

"திரும்ப மாட்டேங்குதுங்க!" என்று அவள் அலறினாள். "தண்ணி வாசம் புடிச்சிடுச்சு! முன்னாடி போனதுங்க வாயை வச்சிடுச்சு!"

மந்தைக்காரர் போன் பக்கம் குனிந்தார். "குடை இருக்குல்ல? விரிச்சு அந்தத் தாழ்ந்த மூலையில சொருகு! அதைப் பார்த்தா ஒதுங்கும்!" தொட்டியின் சுவர் ஒரு மூலையில் மட்டும்தான் தாழ்வாக இருந்தது. அங்கேதான் ஆடு எட்டிக் குடிக்க முடியும். பிறகு அவர் வெள்ளரிக்காரரிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "கொஞ்ச நேரம்தான் அண்ணே தாங்கும். தாகத்துல இருக்கற ஆட்டை விசிலும் திருப்பாது, குடையும் திருப்பாது. வேற தண்ணி காட்டினாத்தான் திரும்பும்."

பக்கத்தில் இருக்கும் வேறு தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். குளம்.

"சாவி," என்றார் வெள்ளரிக்காரர், மைக்கைப் பார்த்து.

"வீட்ல இருக்கு," என்றார் மைக். அவர் இடுப்புச் சாவிக்கொத்து அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் கிணுங்கியது.

வெள்ளரிக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. போனில் சொன்னார்: "தங்கச்சி, குளத்துக் கதவுப் பூட்டை உடைச்சுடு. பக்கத்துலயே கல்லு கிடக்கும்."

"உடைச்சா நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுப்பீங்க."

"என் பேரை எழுதச் சொல்லு. வெள்ளரிக்காரன் உடைக்கச் சொன்னான்னு சொல்லு."

"நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றார் அதிகாரி போனை நோக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி. "உடைங்கம்மா." பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

டங், டங் என்று இரும்பில் கல் மோதும் சத்தம் கேட்டது. கூட்டம் போனைச் சுற்றி நெருங்கி நின்றது. தோட்டக்காரர்கள் யார், மேய்ப்பர்கள் யார் என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு கதவு கிறீச்சிட்டது. விசில் ஒன்று நீளமாக எழுந்தது. அதன் பின்னால் பல நூறு குளம்புகள் தட்டும் ஓசை.

அதற்குள் மந்தைக்காரரும் வெள்ளரிக்காரரும் போனை அதிகாரியிடம் விட்டுவிட்டுத் தக்காளிக்காரரின் பைக்கில் ஏறியிருந்தார்கள். மூன்று மாதமாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டவர்கள் ஒரே இருக்கையில் ஒட்டி உட்கார்ந்து போனார்கள். பள்ளத்தில் பைக் குதித்தபோது மந்தைக்காரர் வெள்ளரிக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பள்ளம் முடிந்த பிறகும் விடவில்லை.

"எத்தனை குடிச்சிருக்கும்?" என்றார் வெள்ளரிக்காரர்.

"முன்னாடி போறது எப்பவும் பலமான ஆடுங்கதான் அண்ணே," என்றார் மந்தைக்காரர்.

அப்படித்தான் ஆகியிருந்தது. மந்தையில் பெரும்பகுதி குளத்தில் இறங்கி முழங்கால் நனையக் குடித்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கும் குளத்துக்கும் நடுவில் சில ஆடுகள் மட்டும் நின்றன. நின்றன என்றுகூடச் சொல்ல முடியாது. கால்களை அகட்டி வைத்து நடுங்கின. வயிறு உப்பியிருந்தது. வாயில் நுரை. விசில், மணி கட்டிய கிடாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். அவள் கை கல்லில் அடிபட்டு ரத்தம் கசிந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

கூட்டத்தோடு பின்னாலேயே வந்த அதிகாரி வழியிலேயே கால்நடை டாக்டரை அழைத்திருந்தார். வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து உடனே புகட்டுங்கள், நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்று டாக்டர் சொன்னார். தக்காளிக்காரர் இறங்கின வேகத்தில் மறுபடி பைக்கைத் திருப்பிக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்து, சாப்பாட்டுக்கடைகளில் இருந்த வினிகர் பாட்டிலை எல்லாம் அள்ளி வந்தார். ஒருவர் வாயைத் திறந்து பிடிக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் தொண்டையைத் தடவ, இரண்டு தரப்பும் மண்ணில் மண்டியிட்டு வேலை செய்தது. சில ஆடுகள் இருமின, ஏப்பம் விட்டன, எழுந்தன. சில எழவில்லை. மணி கட்டிய கிடாய் ஒருமுறை காலை உதைத்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

அப்போதுதான் மின்சாரம் வந்தது. தொட்டிப் பக்கம் மோட்டார் தானாக உறுமியது. உரத் தண்ணீர், காலையிலேயே போயிருக்க வேண்டிய இடத்துக்கு இப்போது போகத் தொடங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளரிக்காரரின் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாயில் பஞ்சு, உதடு மரத்திருந்தது. கிடக்கும் ஆடுகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விசிலின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையைக் கிழித்து அவள் கையில் சுற்றினாள்.

"நான் சொன்னப்போவே ஏன் தங்கச்சி நம்பலை?" என்று வெள்ளரிக்காரர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்திருந்தது. "என்னால ஆச்சும்மா," என்று மட்டும் சொன்னார்.

"உங்க ஒருத்தரால இல்லை," என்றாள் விசில், தலை நிமிராமல். "நாங்களும்தான். குடுன்னு கேட்டிருக்கலாம். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமா வந்தோம். கேட்டாக் குடுக்க மாட்டீங்கன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்."

"கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்," என்றார் அவர். "அதுதான் உண்மை."

சங்கத்தார் சிலரோடு மைக் வந்து சேர்ந்தார். அவர் ஆடுகளைப் பார்க்கவில்லை. நேராகக் குளத்துக் கதவுக்குப் போனார். நசுங்கிய பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். "மந்தை பூராவும் உள்ள இறங்கிடுச்சு. இனிமே இவங்களை யாரு தடுப்பா? இருக்கறதே கொஞ்சம் தண்ணி!"

வெள்ளரிக்காரர் எழுந்தார். முழங்காலில் மண்ணும் நுரையும் அப்பியிருந்தன. அவர் கூட்டத்தில் பேசிப் பழகியவர் இல்லை. அன்று இரண்டாவது முறையாகப் பேசினார்.

"தண்ணி கொஞ்சம்தான் தலைவரே. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த ஆடுங்க தண்ணி இல்லாமச் சாகலை. நான் கத்தினேன், நம்பலை. அவ புருஷன் சொன்னான், அவ நம்பலை. யாரையும் யாரும் நம்ப முடியாதபடி நாமதான் பண்ணி வச்சோம், அதுலதான் செத்துச்சு. நீங்க இந்த வருஷம் எனக்குத் தண்ணியை நிறுத்துங்க, என் வெள்ளரி காயட்டும், நான் தாங்கிக்கறேன். ஆனா ஒண்ணைத் தெரிஞ்சுக்கங்க. கொஞ்சம் தண்ணியைக்கூடப் பேசினா பங்கு போட்டுக்கலாம். ஒருத்தன் பேச்சை ஒருத்தன் நம்பலைன்னா, குளம் நிறைஞ்சு வழிஞ்சாலும் அடிச்சுக்கிட்டுத்தான் சாவோம்."